எம்.எஸ்சி.யை நிறுத்த வேண்டாம், நகையை அடகு வைக்கவும் வேண்டாம்

ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் உங்கள் மைத்துனர் சொன்னது இருக்கிறது. மகளைப் பற்றி ஒரே வரி: "லேப்பே கதின்னு கிடக்குறா, சனிக்கிழமைகூட யாரோ சயின்டிஸ்ட் பேச வர்றாங்கன்னு காலேஜுக்குப் போயிடுறா." அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தப் பதிலை எழுத அந்த ஒரு வரிதான் போதுமானதாக இருந்தது.

பெண் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத் தூக்கம் வராமல் போவது இயல்பு. அதற்கு ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள். நான் கணக்குச் சொல்கிறேன். வேதியியல் எம்.எஸ்சி.யை முதலாண்டோடு நிறுத்திவிட்டு, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.ஏ. சேர்ப்பது, அதற்கு நாலரை லட்சம், அதை நகையை வைத்துத் திரட்டுவது என்பது உங்கள் மைத்துனரின் திட்டம். நூற்றுக்குப் பத்து வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 45,000, மாதம் 3,750 ரூபாய். நகைக்கடனுக்குத் தவணை பெரும்பாலும் ஓராண்டு, படிப்போ இரண்டாண்டு. நடுவில் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும், அந்தப் பணம் உங்கள் கடைக் கல்லாவிலிருந்துதான் போகும். விடுதி, சாப்பாடு இதில் சேரவில்லை. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிக் கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் இடம் பிடிக்கும் பிள்ளைக்கு எம்.பி.ஏ. வேறு கதை. விருப்பமே இல்லாத பிள்ளைக்கு விலை கொடுத்து வாங்கும் இடத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இந்த மாதத்துக்குள் கட்டச் சொன்ன முன்பணம் ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள்.

பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் விவரமாகச் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து மாணவர்களுக்கு இரண்டு காரியங்கள் செய்கின்றன. ஒன்று, கல்லூரிகளிலேயே இரண்டு மூன்று நாள் நடக்கும் விரிவுரைப் பட்டறை. உங்கள் மகள் சனிக்கிழமை போனதும் இதுபோன்ற ஒன்றாக இருக்கலாம். இன்னொன்று, கோடை ஆராய்ச்சி உதவித்தொகை. தேர்வானவர்களை ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தில், அனுபவமுள்ள விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் சேர்த்துவிடுவார்கள். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கிடைக்கும். அறிவிப்பு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும். வேலை மே முதல் ஜூலைக்குள். எம்.எஸ்சி. முதலாண்டுதான் இதற்குச் சரியான நேரம். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அடுத்த கோடைக்குள் படிப்பே முடிந்திருக்கும்.

முதலில் பட்டறை. பெரும்பாலான பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து, சான்றிதழ் கொடுக்கும்போது எழுந்து வருவார்கள். அந்தச் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கிடையாது. மகள் முன்வரிசையில் உட்காரட்டும். பேச வருபவரின் பெயரை முந்தின நாளே தேடி, அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று பார்த்துக்கொள்ளட்டும். பெங்களூர் அகாடமி வெளியிடும் 'ரெசொனன்ஸ்' இதழ் 1996-லிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை படித்துவிட்டுப் போனால் கேள்வி தானாக வரும். தேநீர் இடைவேளையில் ஒரே ஒரு கேள்வி. இரண்டு நாள் கழித்து, அந்தப் பேச்சைப் பற்றியே நாலைந்து வரியில் ஒரு மின்னஞ்சல். இன்டர்ன்ஷிப் கேட்க அது இடமல்ல.

மின்னஞ்சலில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். "தங்கள் புகழ்மிக்க நிறுவனத்தில்" என்று தொடங்கி ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவார்கள். ஐம்பது முகவரியும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெட்டி ஒட்டியதில் வேறொருவர் பெயரே மேலே இருக்கும். கூடவே, கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் ஜாதகம் போல அப்பா பெயர், மதம், பிறந்த தேதி எல்லாம் போட்ட பயோடேட்டா. ஒரு பக்கம் போதும்: படிப்பு, மதிப்பெண், தன் கையால் இயக்கிய கருவிகள். யூவி ஸ்பெக்ட்ரோமீட்டரில் தானே மாதிரி வைத்து அளந்திருந்தால் எழுதலாம். ஆசிரியர் இயக்கக் கூட்டமாக நின்று பார்த்ததை எழுதக் கூடாது, நேரில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது கோடை உதவித்தொகைக்கான விண்ணப்பம். மதிப்பெண் பட்டியல் எல்லோரும் வைப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது, என்ன செய்ய விரும்புகிறேன் என்று எழுதும் சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும்தான். குறிப்பு எத்தனை சொற்கள் என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளட்டும். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த தாளை எடுத்துவிடுவார். சோதனைக்கூடத்தில் இடறிய ஓர் இடத்தை எழுதச் சொல்லுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்களுக்குப் புரியாவிட்டாலும் மகளுக்குப் புரியும். பெர்சல்பேட், அயோடைடு வினையில் உப்பைக் கூட்டிக்கொண்டே போய், வினைவேக மாறிலியின் மடக்கையை அயனி வலிமையின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு வர வேண்டும், சாய்வு 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உப்பு அதிகமானதும் கோடு வளையும். ரெக்கார்டு நோட்டில் பல பிள்ளைகள் அந்தக் கடைசிப் புள்ளிகளை அழித்துவிட்டுக் கோட்டை நேராக்கிவிடுவார்கள். "எனக்குக் கோடு வளைந்தது, நீர்த்த கரைசலுக்கான விதி இங்கே செல்லாது என்று படித்தேன், அப்படியானால் செறிந்த கரைசலுக்கு எது செல்லும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று எழுதும் பிள்ளையைத் தேடித்தான் விண்ணப்பங்களையே படிக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு முதல்வரிடமும் துறைத்தலைவரிடமும் ஓட வேண்டாம். பதவி பெரிதாக இருக்கும், கடிதம் வெறுமையாக இருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பிறகும் மகள் சோதனைக்கூடத்தில் நின்றதைப் பார்த்த ஆசிரியர்தான் எழுத வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேட்டு, மதிப்பெண், செய்த சோதனைகள், வகுப்பில் எடுத்த செமினார் தலைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அப்படிக் கொடுக்காவிட்டால் நாலு மாணவர்களுக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதம் போகும். கடிதம் கேட்டு அகாடமியிலிருந்து ஆசிரியருக்கு வரும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடப்பதும் உண்டு. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மரியாதையாக ஞாபகப்படுத்தலாம், தவறில்லை.

செலவு. உதவித்தொகை முதல் நாளே கைக்கு வரும் என்று நம்பி ரயில் ஏற்ற வேண்டாம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு நாளைக்கு 250 ரூபாய் என்று வைத்தால் எட்டு வாரத்துக்கு 14,000. இருபதாயிரம் கையில் இருந்தால் நிம்மதியாகப் போய் வரலாம். நாலரை லட்சத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, பெண்களுக்குத் தனியா, இரவு எத்தனை மணி வரை திரும்பலாம் என்று இடம் உறுதியானதும் வழிகாட்டியிடமே மகள் கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பருவத் தேர்வு மே மாதத்துக்குள் நீண்டால் சேரும் தேதியைத் தள்ளித் தரும்படி முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

எல்லோருக்கும் கிடைத்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் உங்களுக்குப் பக்கத்திலேயே காரைக்குடி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-இல் அங்கே திறக்கப்பட்டது. பேட்டரி, துருப்பிடித்தல், மின்முலாம் என்று வேதியியல் மாணவிக்கு அங்கே வேலை நிறைய. எம்.எஸ்சி. புராஜெக்டை அங்கே செய்ய இடம் கேட்கலாம். துறைத்தலைவரின் கடிதம் வேண்டும், கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு கட்டினால் "சர்வதேச மாநாடு" சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அழித்துவிடுங்கள். அதைவிட, ஆயிரம் ரூபாய் கட்டி, ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றின் தேர்வை நேரில் எழுதுவது மேல். பாடம் கேட்பதற்குக் காசே இல்லை.

உங்கள் அண்ணனின் கேள்வி: "பி.எச்டி., அது இதுன்னு போனா கல்யாணம் எப்போ?" பி.எச்டி. பற்றி இப்போது யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. எட்டு வாரம் இருந்துவிட்டு வந்து, "எனக்கு இது ஒத்துவராது" என்று மகளே சொல்லலாம். அப்போது தரக்கட்டுப்பாட்டுச் சோதனைக்கூட வேலைகள் இருக்கின்றன; எம்.எஸ்சி. கையில் இருக்கும், நகை வீட்டில் இருக்கும். பிடித்துப்போனால் ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு, 2023-லிருந்து, முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். படிக்கவே சம்பளம் போல வருகிறது என்பதை உங்கள் அண்ணனிடமும் சொல்லுங்கள். கல்யாணத் தேதியை மகளைக் கேட்காமல் யாரும் குறிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஒரு குறிப்பு: இடம் கிடைத்துப் போனால் இறுதி அறிக்கையைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். ஆறாவது வாரத்திலேயே வரைபடங்களை முடித்து, வழிகாட்டியிடம் திருத்தம் வாங்குங்கள். ஆய்வுக் குறிப்பேடு சோதனைக்கூடத்தின் சொத்து, அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தேவையான பக்கங்களை அனுமதி கேட்டு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று வழிகாட்டியிடம் கிளம்பும் முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்த மாணவி என்று அவருக்கு நினைவிருக்காது.