கோடையில் காட்டுத்தீயைக் காரணம் காட்டி தேசியப் பூங்காக்களில் மலைப்பாதைகளை மூடுவது அவசியமா? கூட்டத்தால் விலங்குகளுக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா?

அவசியம். ஆனால் நம் உயிரைக் காப்பாற்றத்தான் மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது பாதிக் காரணம்.

நான் மதுரை மாவட்டம் பேரையூர்ப் பக்கத்துக்காரன். கேள்வியில் 'தேசியப் பூங்காக்களில்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த காடு சதுரகிரி ஒன்றுதான். அங்கே தேசியப் பூங்கா என்று பலகை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் பரப்பு. சதுரகிரி மலைமேல் சிவன் சுந்தரமகாலிங்கமாகக் கோயில் கொண்டிருப்பது அதற்குள்தான். பூங்கா என்றாலும் காப்பகம் என்றாலும் கடமானுக்கும் கரடிக்கும் ஒன்றுதான் என்பதால், தெரிந்த மலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

சின்ன வயதில் மாசி, பங்குனி ராத்திரிகளில் மொட்டை மாடியில் படுத்திருப்போம். மேற்கே மலைமேல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். பூச்சரத்தை வளைத்துப் போட்ட மாதிரி இருக்கும். கண்ணை மூடித் திறந்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். "சித்தருங்க பந்தம் பிடிச்சுக்கிட்டுப் போறாங்கடா, எந்திரிச்சுக் கும்பிடுங்க" என்பார் அப்பத்தா. வரிசையாக எழுந்து நின்று கும்பிடுவோம். கும்பிட்டது மலைச்சரிவில் புல் எரிவதை என்று பத்தாவது படிக்கும்போதுதான் தெரிந்தது. அப்பத்தாவிடம் சொன்னேன். "அந்தத் தீயை வச்சது யாருன்னு நீ பார்த்தியா?" என்று திருப்பிக் கேட்டார்.

அது நல்ல கேள்வி. மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தீயணைக்கப் போகிற காவலர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் மலைகளில் அநேகமாக எல்லாத் தீயும் மனிதக் கை பட்டதுதான். மழைக்குப் புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர்கள் வைப்பது ஒன்று, வேட்டைக்குப் போகிறவன் வைப்பது ஒன்று. அணைக்காமல் வீசிய பீடி, கல் கூட்டிய அடுப்பு, மரத்தடியில் ஏற்றிய சூடம் என்று தெரியாமல் வைப்பது பல.

அந்தக் கடைசி வகையில் நானும் சேர்த்தி. கல்லூரி முதல் வருஷம், நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து தாணிப்பாறை வழியாக ஏறினோம். அப்போது அடிவாரத்தில் இவ்வளவு சோதனை இல்லை. சங்கிலிப்பாறை தாண்டி ஓடையோரமாக மூன்று கல் வைத்து உப்புமா கிண்டினோம். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரை அடுப்பில் ஊற்றினோம், புஸ்ஸென்று புகைந்தது, அணைந்துவிட்டது என்று எழுந்தோம். இருபதடி நடந்திருப்போம், கடைசியில் வந்தவன் "டேய்" என்று கத்தினான். கல்லுக்கு வெளியே ஒரு கங்கு உருண்டு கிடந்திருக்கிறது. சருகின் அடியில் புகுந்து, மேலே ஒன்றுமே தெரியாமல், நாலடி தள்ளி ஒரு புல் கொத்தில் எழுந்து நின்றது. ஈரத் துண்டுகளால் அடித்து அடித்து அணைத்தோம். இடுப்புயரம்கூட இல்லாத தீ அது. ஆறு பேருக்கும் புருவமும் முன்கை முடியும் பொசுங்கின. துண்டை ஓடையில் நனைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. முடி பொசுங்கிய நாற்றத்தை வைத்து அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

தீ என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது தேனி மாவட்டத்துக் குரங்கணிதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் தீயில் சிக்கி, சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். காயம்பட்டவர்களை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள், அந்த வாரம் ஊரில் வேறு பேச்சே இல்லை. "ஓடித் தப்பித்திருக்கலாமே" என்று டீக்கடையில் சொன்னவர்கள் மலையில் தீ நடக்கிற விதத்தைப் பார்க்காதவர்கள். சமவெளியில் எரிகிற தீ வேறு. சரிவில், கீழே இருக்கிற தீ தனக்கு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே ஏறும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. ஆள் உயரப் புல், காற்றும் மேல் நோக்கி அடிக்கிற பகல் நேரம் என்றால் மனிதன் மூச்சிரைக்க ஏறி ஜெயிக்க முடியாது. ஒளிய இடம் என்று நாம் தேடுகிற இடுக்கான பள்ளம்தான் தீக்குப் புகைபோக்கி.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது. இப்போது 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வனத்துறையே வழிகாட்டி வைத்து நடத்துகிறது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று நிறுத்தி வைத்தார்கள். இதுவரை சொன்னது மனித உயிர்க் கணக்கு.

மறு பாதியை எனக்குப் புரியவைத்தவர் அடிவாரத்துப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அண்ணன். தேன் எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு தீத்தடுப்புக் காவலராகத் தற்காலிக வேலைக்குப் போனார். ஒரு பங்குனியில் மலை அடைத்திருந்தது. பிளாஸ்டிக் பொறுக்கும் குழுவோடு அடிவாரத்துக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் தீயணைத்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். கண்கள் ரத்தச் சிவப்பு, செருப்பின் அடி உருகி வளைந்திருந்தது. ஹெலிகாப்டரெல்லாம் செய்தியில் வருவது. சாதாரண நாளில் எப்படி அணைப்பீர்கள் என்று கேட்டேன். பச்சைக் குழையை ஒடித்து அடிப்பதுதான் என்றார். ஓங்கி அடிக்கக் கூடாது, அடித்தால் கங்கு தெறிக்கும். குழையைத் தீமேல் அமர்த்தி இழுக்க வேண்டும். செயற்கைக்கோளில் தெரிந்து போனுக்குத் தகவல் வந்துவிடுகிறது, ஆனால் அந்த இடத்துக்கு ஆள் நடந்துதானே போக வேண்டும், நாலு மணி நேரம் ஆகிவிடும் என்றார். தீ பெரிசாக இருந்தால் ராத்திரி காற்று அடங்கும் வரை காத்திருந்து, தோதான இடத்தில் புல்லைச் செதுக்கி, அந்தக் கோட்டிலிருந்து தீயை நோக்கி எதிர்த்தீ வைப்பார்களாம், பெரிய தீ வந்து சேரும்போது எரிய ஒன்றும் மிஞ்சாது.

"தீயில விலங்குக நெறைய சாகுமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஓடுறது ஓடிரும் தம்பி. மிளா, காட்டுமாடெல்லாம் வாடை புடிச்சு முன்னாடியே எறங்கிரும். ஆமை, பாம்பு, தரையில முட்டை வச்ச குருவிதான் போகும். ஆனா ஓடுனது எங்க வரும்? தண்ணிக்குத்தான வரும். அங்க நீங்க நிக்கிறீங்கள்ல."

இதைத்தான் நான் அதுவரை யோசித்ததில்லை. சதுரகிரி ஏறியவர்கள் பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, நாவலூற்று. பேரிலேயே பாதி ஓடையும் ஊற்றும். தண்ணீர் இருக்கிற வழியாகப் பார்த்துத்தான் முன்னோர்கள் தடம் போட்டிருக்கிறார்கள், நியாயம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலை முழுக்க ஈரம். விலங்குக்கு ஆயிரம் இடத்தில் தண்ணீர். பங்குனி, சித்திரையில் ஓடை அறுந்து, பாறைக்கு இடையில் அங்கங்கே குட்டையாகத்தான் கிடக்கும். மேல் சரிவெல்லாம் கருகி, நிழலும் தழையும் இல்லாமல் போன நேரத்தில் மலையிலிருக்கிற மொத்த உயிரும் அந்தக் குட்டைகளை நம்பித்தான் இறங்குகிறது. அமாவாசைக்குப் போனால் அதே குட்டைகளைச் சுற்றித்தான் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். ஆடி அமாவாசைக் கூட்டம் லட்சத்தைத் தாண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு கோடையில் வந்தாலே, ராத்திரி பகலாக டார்ச் வெளிச்சமும் பேச்சும் ஓயாது.

பிறகு ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன். சித்திரை மாதம், பெரியப்பாவோடு இறங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு முழங்கால் வலி என்பதால் எல்லோருக்கும் பின்னால் நாங்கள். பொழுது சாய்ந்துவிட்டது. கீழே ஒரு குட்டையில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஷாம்பு நுரை பாறையோரமாக மிதந்தது, யாரோ போனில் பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள். எதிர்க்கரை மரங்களுக்குள் ஒரு மிளா, அதாவது கடமான். பெட்டை, பக்கத்தில் குட்டி. காதை மட்டும் திருப்பித் திருப்பி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் இரண்டு தடவை முன்னால் வந்து இரண்டு தடவையும் பின்வாங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் சரிவில் ஏறிப் போய்விட்டது. குளித்தவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, குப்பை போடவில்லை, கல் எறியவில்லை. அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

பழைய சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்த சாம்பல் நிற அணிலின் கதை இன்னும் சிக்கல். உலகத்தில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் அது கிடையாது. தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. மரத்துக்கு மரம் கிளை கோத்திருந்தால்தான் போக்குவரத்து. அப்படிக் கிளை கோத்த மரங்கள் அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் ஓடைக்கரையில்தான். கரை ஈரம் என்பதால் தீ வழக்கமாக அங்கே வந்து நின்றுவிடும். ஆனால் வருஷா வருஷம் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே வரும். அடிமரம் வெந்து ஒரு நாவலோ மருதோ சாய்ந்தால் நமக்கு ஒரு மரம் போச்சு, அணிலுக்குப் பாலம் போச்சு. ஒரு பக்கம் தீ நெருக்குகிறது, மறு பக்கம் அந்தக் கரையிலேயே பாதை, கடை, கூட்டம். ஓடையின் இரு கரையிலும் ஒட்டியிருக்கிற அந்த மெல்லிய பச்சைத்துண்டைத் தாண்டி அது எங்கே போகும்?

குரங்கைப் பற்றியும் ஒரு வரி. அழகர்கோவில், பழமுதிர்சோலைப் பாதையில் பையைப் பிடுங்குகிறதே, அதே குணம் இங்கேயும் வந்துவிட்டது. பொரியும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்கியது நாம், இப்போது திட்டுவதும் நாம். விடுங்கள்.

மூடுவதில் ஒரு நியாயக் குறை இருப்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பா ஐம்பது வருஷமாகச் சட்டையில்லாமல், வெறுங்காலோடு ஏறுகிறவர். "நேத்து வந்தவன் செஞ்ச தப்புக்கு என்னைய ஏண்டா நிறுத்துறீக?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தாணிப்பாறையில் இளநீரும் சுக்குக் காபியும் விற்கிறவர்களுக்கு ஒரு அமாவாசை போனால் அந்த மாத வீட்டு வாடகை போகும். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்ட பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் என்று நாள் குறித்து விட்டார்கள். வழக்கு, உத்தரவு என்று அது மாறிக்கொண்டேதான் இருக்கிறது. என் கருத்து, நாளைவிட நேரம்தான் முக்கியம். காலை வெயில் ஏறுமுன் ஏறி, மூன்று நாலு மணிக்குள் எல்லோரும் இறங்கிவிட்டால் சாயங்காலமும் ராத்திரியும் குட்டைகள் காலியாக இருக்கும். விலங்குக்கு வேண்டியது அந்த நேரம்தான். மேலே தங்குவதை நிறுத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை, மடத்துக் கஞ்சியின் ருசி இன்னும் நாக்கில் இருந்தாலும். தீ எரிகிற வாரங்களில் முழுசாக மூடட்டும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. வைகை பிறப்பது இந்த வருசநாடு, மேகமலைப் பக்கத்தில்தான். புல்லும் சருகும் எரிந்த சரிவில் விழுகிற மழை நிலத்துக்குள் இறங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவரும். சித்திரையில் அழகர் இறங்க அணையிலிருந்து தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். அணைக்கு மேலே என்ன எரிகிறது என்று பார்ப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் ஓடையை நம்பாதீர்கள், மேலே பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். நுழைவிடத்தில் தீப்பெட்டி, லைட்டர், பாலித்தீன் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சண்டை போடாமல் கொடுத்துவிடுங்கள். புகை வாடை வந்தால் செல்பி எடுக்க நிற்காமல், புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கோ நகருங்கள். தீக்கு மேலே ஏறாதீர்கள்.

போன பங்குனி அமாவாசைக்கும் மலை அடைப்பு. பெரியப்பா கேட்கவில்லை, பிடிவாதமாக அடிவாரம் வரை வந்தார். தாணிப்பாறை கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, அதற்குள் சூடம் ஏற்றினார். மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அணைந்த பிறகு சிரட்டையைக் கையால் தொட்டுப் பார்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, மறுபடியும் தொட்டுப் பார்த்தார். "வண்டிய எடுறா, பேரையூர்ல தோசை சாப்பிடுவோம்" என்றார்.