கத்தாரில் 26 ஆண்டு வேலை: குடியுரிமை கேட்க முடியுமா? பணிக்கொடையை எப்படிப் பெறுவது?

கேள்வி: தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 26 ஆண்டுகளாகக் கணக்கராக வேலை பார்க்கிறேன். என் அடிப்படைச் சம்பளம் 6,000 ரியால். மகன் இங்கேயே பிறந்தவன். 24 வயதாகிறது, படிப்பு முடியவில்லை, என் விசாவில்தான் இருக்கிறான். ஆள்குறைப்பு என்று சொல்லி, பணிக்கொடையாக 40,000 ரியால் தருவதாகவும், 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்திடும்படியும் நிர்வாகம் கேட்கிறது. இந்நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர்தாமே? இத்தனை ஆண்டு உழைத்த எங்களுக்குக் குடியுரிமை கிடைக்காதா?

பதில்: நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. சவுதி அரேபியாவில் 2022 கணக்கெடுப்பின்படி வெளிநாட்டவர் 41.6 விழுக்காடு; அங்கே குடிமக்களே பெரும்பான்மை. கத்தாரில் குடிமக்கள் சிறு எண்ணிக்கையினர் என்பதால், குடியுரிமைக் கதவை மிகக் குறுகலாகவே வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டப்படி, தொடர்ந்து 25 ஆண்டுகள் சட்டபூர்வமாக வசித்து, ஓராண்டில் இரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இராமல், அரபி மொழி அறிந்து, போதிய வருமானமும் நன்னடத்தையும் உடையவர் விண்ணப்பிக்கலாம். இவை அனைத்தும் இருந்தாலும் குடியுரிமை தருவது அரசின் விருப்பமேயன்றி உங்கள் உரிமையாகாது.

2018ஆம் ஆண்டின் 10ஆம் எண் சட்டம் நிரந்தர வதிவிட அனுமதியை ஏற்படுத்தியது. வெளியே பிறந்தவருக்கு 20 ஆண்டு, கத்தாரில் பிறந்தவருக்கு 10 ஆண்டு வசிப்பு வேண்டும். உங்கள் மகனுக்கு இது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அவருக்கென்று வருமானம் வேண்டும், அரபி வேண்டும். ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் தருவதில்லை. அவர் 25 வயது வரையே உங்களைச் சார்ந்து இருக்க முடியும், உங்கள் விசா ரத்தானால் அவருடையதும் போய்விடும். ஆகவே இப்போதே அவர் பெயரில் ஒரு வேலையும் விசாவும் தேடுவதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

உங்கள் உரிமை உறுதியாக இருப்பது நிறுவனத்திடம். 2004ஆம் ஆண்டின் 14ஆம் எண் தொழிலாளர் சட்டம், பிரிவு 54இன்படி, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தரப்பட வேண்டும். கடைசியாக வாங்கிய 6,000 ரியாலை 30ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் 4,200. அதை 26ஆல் பெருக்கினால் 1,09,200 ரியால். அவர்கள் சொல்வது இதில் பாதிகூட இல்லை! இதற்கு மேல், எடுக்காத விடுப்புக்கான பணமும் ஊர் திரும்பும் விமானச் செலவும் உண்டு; இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர் என்பதால் இரண்டு மாத முன்னறிவிப்பும், அது தரப்படாவிட்டால் அதற்கான சம்பளமும் உங்களுக்குச் சேரும்.

அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். சட்டம் தரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று பிரிவு 4 சொல்கிறது. ஆயினும் பணம் கைக்கு வந்துவிட்டதற்குச் சான்றாக அதையே காட்டுவார்கள் என்பதால், கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது. ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், பணிநீக்கக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை, அலுவலகக் கணினியை நம்பியிராமல், உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால், 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த தகராறு தீர்வுக் குழுவுக்கு வழக்கு போகும். மூன்று வாரத்தில் அது முடிவு சொல்ல வேண்டும். பணி முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

2020க்குப் பிறகு பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். எனவே வழக்கு நடக்கும்போதே அங்கே வேலை தேட உங்களுக்குத் தடையில்லை. தங்க வழியில்லாமல் கிளம்ப வேண்டி வந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அல்லது அங்குள்ள வழக்கறிஞருக்கு, தோஹாவிலேயே முறைப்படி பதிவு செய்த பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.