பத்துமலைப் பக்கம் எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. அப்படியே குடிக்கலாமா?

வேண்டாம். காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் நீர் கண்ணாடியாகத்தான் இருக்கும். அந்தத் தெளிவை வைத்து அது சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

வீடு சமதரையில்தான் இருக்கிறது, குன்றிலிருந்து தள்ளித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்கு நாம் 272 படி ஏறுகிற குன்று, மண்ணுக்கு மேலே தெரிகிற மிச்சம் மட்டும்தான். அதே வகைப் பாறை கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. பெட்ரோனாஸ் கோபுரங்களை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்திக் கட்டியதற்கும் அடியில் இருந்த இந்தக் கரைந்த பாறைதான் காரணம்.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது வெடிப்புகளில் புகுந்து பாறையைக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கை நுழையும் பொந்தாகிறது, பிறகு குகையாகிறது. மணல் நிலத்தில் நீர் நாளுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே அதிகம், போகிற வழியெல்லாம் வடிகட்டப்படும். இங்கே நாளுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். நடுவில் வடிகட்ட எதுவுமில்லை. அதனால் 'செப்டிக் டாங்கி 30 மீட்டர் தள்ளி இருந்தால் போதும்' என்கிற கணக்கை இங்கே நம்பாதீர்கள். மேல்பக்கத்தில் எங்கோ ஒரு கொட்டகையில் ஊற்றிய கழிவு எண்ணெய், சில நாளிலேயே உங்கள் பம்புக்கு வரலாம்.

கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் இதுதான் நடந்தது. கனமழைக்குப் பிறகு பக்கத்துப் பண்ணையின் மாட்டு எருவிலிருந்த கிருமி, வெடிப்பு விழுந்த பாறை வழியாக ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் போதவில்லை, ஒழுங்காக அளக்கவும் இல்லை. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர்வரை நோயில் விழுந்தார்கள்.

ஆகவே எப்போது சோதிக்கிறோம் என்பது முக்கியம். வெயில் காலத்தில் எடுத்த மாதிரியில் எல்லாம் சரி என்று வந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். வறட்சிக்குப் பிறகு பெய்கிற முதல் பெருமழை முடிந்து ஒரு நாள், இரண்டு நாளுக்குள் மாதிரி எடுங்கள். போத்தலை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள், மினரல் வாட்டர் போத்தல் ஆகாது. டாங்கிக்கும் ஃபில்டருக்கும் முன்னால் உள்ள குழாயில் சில நிமிடம் திறந்துவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டுகிற ஈ கோலி கிருமி, 100 மில்லியில் பூஜ்யமாக இருக்க வேண்டும். கலங்கலையும் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லை. இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்துத் தேதி ஒட்டி வரிசையாக வையுங்கள். முந்தின நாள் மழை பெய்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். மழை விட்டுச் சில மணி நேரத்தில் பிடித்த ஜாடியின் அடியில் மெல்லிய செம்மண் படிந்திருந்தால், உங்கள் கிணற்றுக்கும் மேலே எங்கோ இருக்கிற பள்ளத்துக்கும் நேர் வழி இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிணற்றைக் குடிநீர்க் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். குடிக்கவும் சமைக்கவும் ஊருக்கு வருகிற பொதுக் குழாய்த் தண்ணீர், தோட்டத்துக்கும் கழுவவும் கிணறு.

வேறு வழியில்லாமல் குடிக்கத்தான் வேண்டும் என்றால் வரிசை மாறக் கூடாது. முதலில் 5 மைக்ரான் ஃபில்டர், அடுத்து 1 மைக்ரான், அதற்குப் பிறகுதான் புற ஊதா விளக்கு. கலங்கல் 1 என்டியூவுக்கு (கலங்கலை அளக்கிற அலகு) கீழே இருந்தால்தான் கதிர் உள்ளே போகும், இல்லாவிட்டால் கிருமி மண் துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். இந்த நீர் கடினமானது. விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழலில் வெள்ளைப் படலம் ஏறி ஒளியை மறைத்துவிடும், அதைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதன் வீரியம் முன்பே போயிருக்கும். குளோரினை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி தப்பிவிடும். கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் இந்தக் கிருமிகள் எல்லாம் சாகும். கெத்தலின் அடியில் ஒட்டுகிற வெள்ளைப் பொருக்கு வெறும் சுண்ணாம்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு கிணற்றைக் கழுவ: 150 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் நீர் இருந்தால் 530 லிட்டர். வாசனை சேர்க்காத 5 சதவீத குளோரோக்ஸ் (குளோரின் வெளுப்புத் திரவம்) அரை லிட்டர் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு வாடை போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள், செப்டிக் டாங்கிக்குள் விடாதீர்கள். இந்தச் சுத்தம் அடுத்த பெருமழைவரைதான் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிணற்று வாயைக் காப்பது பாதி வேலைதான். இரும்புக் குழாய் மண்ணையும் இளகிய பாறையையும் தாண்டிக் கெட்டிப் பாறைவரை இறங்க வேண்டும், சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்ட் குழம்பால் அடைக்க வேண்டும், வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயர வேண்டும். மீதி வேலை மேட்டுநிலத்தில். ஓடைத் தண்ணீர் மறைகிற பள்ளம், மண் உள்வாங்கிய குழி, இவற்றில் குப்பை கொட்டுவது கிணற்றுக்குள் கொட்டுவதேதான். வியன்னா நகரம் 1873 முதல் மலைச் சுண்ணாம்பு ஊற்றுகளின் நீரைக் குடிக்கிறது. அந்த நகரம் காப்பது குழாயை மட்டுமல்ல, ஊற்றுக்கு மேலே இருக்கிற காட்டையும் தானே வைத்துப் பராமரிக்கிறது. உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அப்படி ஒரு குழி இருந்தால் குப்பையை அள்ளி, சுற்றிலும் புல்லும் மரமும் விட்டு, ரோட்டு வாய்க்கால் அதற்குள் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரில் நிலத்தடி நீர் எடுப்பது மாநில நீர் மேலாண்மை வாரியமான லுவாஸின் பொறுப்பில் வருகிறது, உரிமம் பற்றி அங்கே முன்கூட்டியே விசாரியுங்கள். அளவுக்கு மேல் இறைத்தால் நீர்மட்டம் இறங்கி, பொந்துகளைத் தாங்கி நின்ற மண் உள்ளே சரியும். மழையே இல்லாமல் தண்ணீர் திடீரென்று பழுப்பாக, நுண்மணலோடு வந்தால் உடனே பம்பை நிறுத்துங்கள். சுவரில் புது விரிசல், கதவு சிக்குவது, தரை லேசாகத் தாழ்வது ஏதாவது தெரிந்தால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை மறுபடி ஓட்டாதீர்கள்.