ட்ரொப் இறங்கப் பயமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ட்ரொப் என்று திட்டு விளிம்பிலிருந்து சைக்கிளோடு கீழே இறங்குகிறோமே, ஒரு அடி உயரத் திட்டிலிருந்து இறங்கினாலே முன்சில்லு குத்திக்கொண்டு போகிறது. ஹான்டிலை இழுத்துத் தூக்கியும் சரிவரவில்லை. என்ன பிழை?

பெரும்பாலும் இரண்டு பிழைகள் சேர்ந்தே நடக்கும். விளிம்பு கிட்ட வந்ததும் பயத்தில் பிறேக்கைப் பிடிப்பீர்கள். முன்பக்கம் அமுங்கும், வேகமும் போய்விடும். வேகம் குறையக் குறைய, முன்சில்லு அந்தரத்திலும் பின்சில்லு திட்டிலும் இருக்கிற நேரம் கூடும். சைக்கிள் தலைகுத்துவது அந்த நேரத்தில்தான். ஒருவர் மெல்லோட்டம் ஓடுகிற வேகம் போதும். அதை முன்கூட்டியே சரிசெய்துகொண்டு, கடைசி இரண்டு சைக்கிள் நீளத்துக்குப் பிறேக்கைத் தொடாமல் வாருங்கள்.

அடுத்தது, கையால் இழுப்பது. இழுத்தால் முழங்கை மடங்கி உடம்பு முன்னுக்கு வந்துவிடும். தள்ளத்தான் வேண்டும், தம்பி. பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, சீற்றை விட்டு எழும்பி, முழங்கால், முழங்கையை மடித்து நெஞ்சைத் தாழ்த்தி வாருங்கள். முன்சில்லு விளிம்புக்கு வரும்போது குதிக்காலைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்கு விட்டு, ஹான்டிலை முன்னுக்குத் தள்ளுங்கள். பின்சில்லும் விளிம்பைத் தாண்டியதும் உடம்பு நடுவுக்கு வந்துவிட வேண்டும். பலர் முதலிலேயே சீற்றுக்குப் பின்னால் போய்த் தொங்குகிறார்கள். அப்படிப் போனால் கை முழுதாக நீண்டுவிடும், தள்ள இடமே இராது.

இதைப் பழகத் திட்டே தேவையில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கையில் சோக்கால் ஒரு கோடு போட்டு, முன்சில்லு கோட்டில் படாமல் தாண்டிப் பாருங்கள். யோசிக்காமலே அது வரத் தொடங்கிய பிறகு ஒரு சீமெந்துக் கல் உயரம், அதாவது ஏறக்குறைய 20 சென்றிமீற்றர். அதில் சலிக்கச் சலிக்க இறங்குங்கள். ஒரு அடித் திட்டு எங்கேயும் போய்விடாது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி: என்னிடம் இருப்பது சாதாரண கியர் சைக்கிள். முன்னுக்கு சொக் (அதிர்வுதாங்கி) இருக்கிறது. ட்ரொப்புக்குத் தாங்குமா?

சொக் இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், தங்கச்சி. சட்டத்தில் 1 முதல் 5 வரை ஓர் இலக்கம் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். ஏஎஸ்ரிஎம் எஃப்2043 என்ற தரப்படி 1 என்றால் தார் றோட்டுக்கு மட்டும். 2 என்றால் 15 சென்றிமீற்றர் வரை, 3 என்றால் 61 வரை, 4 என்றால் 122 வரை இறங்கலாம். இலக்கமே இல்லாவிட்டால் நடைபாதை விளிம்பு உயரத்தோடு நிறுத்துங்கள். மலிவான கியர் சைக்கிள்களில் முதலில் வளைவது பின் அச்சு. பின்சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் சைக்கிள் கடையில் காட்டிவிட்டே இறங்குங்கள். சீற்றையும் நன்றாகப் பதியுங்கள். உயர்ந்த சீற் இடுப்பைப் பின்னுக்கு விடாது.

பருத்தித்துறையிலிருந்து: மணற்காட்டு மணல் மேடுகளில் விழுந்தாலும் நோகாதே, அங்கே பழகலாமா? யாழ்ப்பாணக் கோட்டைக் கொத்தளத்தில் பழகலாமா?

வேண்டாம். இளகிய மணலில் முன்சில்லு புதைந்து நின்றுவிடும், ஆள் ஹான்டிலுக்கு மேலால் போவார். அந்த மேடுகளும் சில்லு உழுது கலைக்க வேண்டிய இடமல்ல. கோட்டைக் கொத்தளத்தையும் கேட்டிருந்தீர்கள். அது தொல்லியல் சின்னம், அதில் சைக்கிளை ஏற்றவே கூடாது. முகமாலைப் பக்கம் போகிறவர்கள் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்த மண் அது.

குடாநாடு தட்டை நிலம், அதனால் இங்கே இறங்குவதெல்லாம் தட்டைத் தரையில்தான். சரிவில் இறங்கினால் வேகம் சரிவோடு ஓடிப்போகும். தட்டையில் முழு அடியும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் சில்லுக்கும் வரும். ஆகவே இங்கே உயரத்தைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு சில்லும் ஒன்றாகத் தரையில் படுகிறதா, அந்த ஒலி ஒன்றாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். நுவரெலியாப் பக்கம் போய்ச் சரிவில் இறங்க வாய்த்தால், சரிவு எவ்வளவோ அவ்வளவுக்கு முன்சில்லும் தாழ வேண்டும். வலிகாமத்துச் செம்மண் மாரியில் வழுக்கும், காய்ந்த நாளில் பழகுங்கள்.

காரைநகரிலிருந்து: கூட்டாளிகள் எல்லாரும் இறங்குகிறார்கள். எனக்கு மட்டும் விளிம்பில் கால் ஊன்றிவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பயம் வருகிறதென்றால் உடம்பு இன்னும் தயாரில்லை என்று பொருள், அதை மதியுங்கள். கடைசிக் கணத்தில் மனம் மாறுவதுதான் ஆபத்து. சைக்கிளை வைத்துவிட்டு நடந்துபோய் விளிம்பைப் பாருங்கள், இறங்கும் இடத்தில் கல், வேர் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரொப் இறங்காமல் அதே வேகத்தில் வந்து பக்கத்தால் விலகிப் போங்கள். விளிம்புக்குச் சில மீற்றருக்கு முன்னால் ஓர் அடையாளம் வையுங்கள். அதற்கு முன்னால் எத்தனை தடவையும் திரும்பலாம், தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும். கண் விளிம்பில் நிற்கக் கூடாது, இறங்கும் இடத்துக்கு அப்பால் போக வேண்டும். நன்றாக வந்த இறக்கத்தோடு அன்றைக்கு நிறுத்துங்கள். களைத்த கால் மடங்காது.

கூட்டாளிகள் "இறங்கடா" என்று கத்தினால், தனியாக அல்ல, கத்தாத ஒருவரோடு இன்னொரு நாள் போங்கள். விழுந்தால் தூக்க ஆள் வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து: மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் போதாதா?

தலைக்குக் காப்புத்தான், ஆனால் எங்கள் வெயிலில் பாரமும் புழுக்கமும் தாங்காமல் கழற்றிவிடுவீர்கள். இஎன் 1078 என்று குறித்த சைக்கிள் ஹெல்மெற் வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.