பாழ்பட்ட பழைய மினி டிராக்டரை வீட்டிலேயே மீட்டெடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த, ஸ்டார்ட் ஆகாத ஒரு மினி டிராக்டரை மலிவாக வாங்கிவிட்டு, பட்டறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜினும் நான்கு சக்கர ஓட்டமும் கொண்ட அப்படியொரு வண்டியை நானும் வீட்டுக் கொட்டகையில் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இத்தகைய வண்டிகளில் உழைத்துத் தேய்ந்ததால் வந்த பழுதுகள் குறைவு. தூசி, தண்ணீர், முன்பு வைத்திருந்தவர்கள் அவசரத்துக்குச் செய்துவைத்த ஒட்டுவேலைகள் ஆகிய மூன்றால் வந்தவையே மிகுதி. எனவே உதிரிபாகப் பட்டியல் எழுதுவதில் தொடங்காமல், கழுவுவதிலும் ஒட்டுவேலைகளைக் கலைப்பதிலும் தொடங்குங்கள்.

இன்னும் வாங்காமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய டிராக்டரைவிடத் துருவும் ஆயில் கறையுமாக நிற்கும் டிராக்டரை நான் அதிகம் நம்புவேன், ஏனெனில் பின்னதில் எங்கே ஒழுகுகிறது, எங்கே வெல்டு வைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறதா, ட்ராபாரில், அதாவது கருவிகளை மாட்டி இழுக்கும் பின்பக்க இரும்புப் பட்டையில், பின் (pin) நுழையும் துளை நீள்வட்டமாகிவிட்டதா என்பவை அதைவிட நேர்மையான சாட்சிகள். இன்ஜின் பிளாக்கிலோ கிளட்ச் ஹவுசிங்கிலோ வெடிப்பு இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. மற்ற எல்லாவற்றையும் பொறுமையால் சரிசெய்துவிடலாம்.

கழுவும்போது தண்ணீரைப் பீய்ச்சும் குழாயை ஆயில் சீல்கள், டைனமோ, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றின் மீது நேராகப் பிடிக்கக் கூடாது. ரேடியேட்டரில் அடைந்திருக்கும் பதரையும் தூசியையும் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி ஊதித் தள்ள வேண்டும். முன்பக்கத்திலிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். அழுக்கு போன பிறகே எந்த நட்டு புதியது, எந்த போல்ட் வேறு அளவு, எங்கே கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிகான் பூசியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். அந்த மாடலுக்கான உதிரிபாகப் படக் கையேடு கிடைத்தால் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை அதன் படங்கள் காட்டும் என்பதால், பழுதுபார்ப்புக் கையேட்டைவிட அதுவே எனக்கு அதிகம் உதவியது.

அடுத்தது ஒட்டுவேலைகள். கிளட்ச், இருக்கை, பி.டி.ஓ. (இன்ஜின் விசையைக் கருவிகளுக்குத் தரும் சுழல்தண்டு) ஆகியவற்றில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்சுகளின் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி இருக்கும். இன்ஜின் சூடாகிறது என்று, சூட்டுக்கேற்பக் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அதனால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, தேய்மானம் கூடியிருக்கும். ஹைட்ராலிக் தூக்கவில்லை என்று, அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தை ஏற்றியிருப்பார்கள். டீசல் பம்பில் அதிகபட்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகின் சீலை உடைத்துத் திருப்பியிருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் வேறொரு பழுதை மறைக்கச் செய்தவை என்பதால், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் நோயைக் கண்டறிய முயல்வது வீண். பாதுகாப்பு ஸ்விட்சுகளை முதலில் சரிசெய்யச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. கீழே நின்றபடி செல்ஃப் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும்போது வண்டி கியரில் இருந்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் மீதே அது ஏறிவிடும். டிராக்டர் விபத்துகளில் இது மிகப் பழையது. இன்றும் உயிர்களை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்ஜினைச் சாவி போட்டுச் சுழற்றுவதற்கு முன் கிராங்க் கப்பியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவிளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்கலாம். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து இன்ஜினை விடுவிக்க முயன்றால் பிஸ்டன் ரிங்கும் கனெக்டிங் ராடும் போய்விடும். ஆயில் குச்சியில் அளவு மேல் கோட்டையும் தாண்டி நின்றால், டீசலோ கூலண்டோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்டும். அப்படிக் காட்டியும் செல்ஃப் மந்தமாகச் சுழன்றால், செல்ஃப் மோட்டாரைக் குறைசொல்லும் முன் ஒயர்களில் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மற்றதை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என் வண்டியில் எர்த் பட்டை பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் செல்ஃப் துள்ளிச் சுழன்றது. அதற்கு முன் அந்த வண்டிக்குப் புது செல்ஃப் மோட்டார் ஒன்றை யாரோ வாங்கிப் போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டீசல் டாங்கைக் கழற்றியே சுத்தம் செய்யுங்கள். நீண்ட நாள் நின்ற டாங்கின் அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புக் குழம்பாகத் திரளும். ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், டாங்கின் வாயிலுள்ள சல்லடையோ மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அந்த அறிகுறியைப் பார்த்ததுமே டீசல் பம்பைக் கழற்றச் சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஃபில்டரை மாற்றி, அதன் மேலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுத்த பிறகு, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து எஞ்சிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலுக்கும், ஹைட்ராலிக் குழாயின் ஊசித்துளைக் கசிவுக்கும் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் உண்டு. கசிவை அட்டையைப் பிடித்துத் தேடுங்கள், விரலால் தடவாதீர்கள். அப்படித் துளைத்துவிட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டின்போது காற்று உள்ளே போகும் குழாயின் வாயை மூடுமளவுக்கு ஒரு தட்டையான பலகையை உதவியாளர் கையில் கொடுத்து வையுங்கள். நாள்பட நின்ற டீசல் பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு இறுகியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

அந்தக் காற்றுக் குழாயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்ஜினின் ஆயுளை அதுவே முடிவுசெய்கிறது. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. மண்ணின் நிறத்தில் வந்தால், ஃபில்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தூசி நேராக சிலிண்டருக்குப் போயிருக்கிறது. குழாயை இரு கைகளாலும் வளைத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கிளிப்புக்கு ஒட்டினாற்போல், வளைத்தால் மட்டுமே வாய் திறக்கும் மெல்லிய வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். தூசி போன இன்ஜினில் ரிங்குகள் தேய்ந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் (ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயு) குபுகுபுவென்று வெளியே தள்ளும். கம்ப்ரஷன் மீட்டரை க்ளோ பிளக் துளையில் மாட்டி அளந்தால், நல்ல நிலையில் உள்ள சிறிய டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் 30 பார் அளவில் காட்டும். அந்தந்தக் கையேடு சொல்லும் எல்லைக்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கு இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்தாலோ மட்டுமே இன்ஜினைப் பிரிக்க வேண்டும். வெறும் புகையைப் பார்த்துவிட்டுப் பிரிக்க வேண்டாம். கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டரே காரணமாக இருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் முதலில் தள்ளும் வெண்புகை எரியாத டீசலாகவும் இருக்கலாம்.

பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின்பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கியர் நெம்புகோலின் ரப்பர் உறை கிழிந்துபோய், மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கியிருக்கும். என் வண்டியில் அடித் திருகைக் கழற்றியதும் முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது; பிறகுதான் வெளுத்துக் குழம்பிய ஆயில் வந்தது. விலைகுறைந்த ஆயிலை ஊற்றி, சுமையில்லாமல் சிறிது நேரம் ஓட்டி, சூடு ஆறுமுன் வடித்து, உறிஞ்சு குழாயின் சல்லடையைக் கழுவி, ஃபில்டரை மாற்றிய பிறகே உரிய ஆயிலை நிரப்புங்கள். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு அதற்கென்றுள்ள ஆயிலே வேண்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் அலறும். முன் ஆக்ஸில் பெட்டியின் ஆயில் தனி. அதை நினைப்பவர்கள் குறைவு என்பதால் அங்கேயும் தண்ணீரை எதிர்பாருங்கள்.

கிளட்ச் தகடு துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருப்பது நின்ற வண்டிகளில் வழக்கம். இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, பெடலைக் கீழே அழுத்தி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்துச் சில நாள் வைத்திருந்தாலே பலமுறை விட்டுவிடும். விடாவிட்டால், கிளட்சை எட்ட வண்டியை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான். முன் ஆக்ஸில் நடுவிலுள்ள ஒரே பின்னில் ஊசலாடுவது என்பதால், ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்புகளை அடித்து இறுக்காமல் பிரித்தால் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வேண்டும். முன்பக்கம் மண் அள்ளும் லோடர் இருந்தால் அதை முதலிலேயே தரையில் இறக்கிவிட வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று டயர். நான்கு சக்கர ஓட்டத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட மிகச் சிறிதளவு வேகமாக உருளும்படி கியர் விகிதம் அமைந்திருக்கும். கையில் கிடைத்த அளவில் டயர் மாட்டியிருந்தால் அந்தக் கணக்கு குலைந்து, கெட்டித் தரையில் ஓடும்போது முன் ஆக்ஸில் கியர்கள் முறுக்கிக்கொண்டு உடையும். டயர் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டே முன் ஓட்டத்தைப் போடுங்கள்.

துருவேறிய போல்ட்டுகளுக்குச் சூடும் நேரமுமே மருந்து. தலை முறிந்துவிட்டால், எஞ்சிய துண்டின் மீது ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அது ஆறும்போது திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும். பெயின்ட் கடைசி வேலை. எல்லாம் ஓடி, ஒழுகல் நின்ற பிறகு துருத்தடுப்புப் பூச்சின் மேல் அடித்தால் போதும்.

வேலை முடிந்து முதல் 50 மணிநேரம் ஓடியதும் இன்ஜின் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் கியர்பாக்ஸ் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, சக்கர நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய இன்ஜின் ஆயில் ஃபில்டரை எறியாமல், தகட்டை அறுத்து, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பொடி இருந்தால் கவலையில்லை. காந்தத்தில் ஒட்டாத பளபளப்பான செதில்கள் தென்பட்டால் பேரிங்குகள் உரிகின்றன. வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல், ஆயில் அழுத்தத்தை அளந்துவிட்டு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.