ஃபங்ஷன், புரொசீஜர்: இரண்டு சொல் வேண்டுமா?

வணக்கம். நீங்கள் உருவாக்கும் சின்ன நிரல்மொழியில் ஃபங்ஷனுக்கும் (ஒரு மதிப்பைக் கணக்கிட்டுத் திருப்பித் தருவது) புரொசீஜருக்கும் (ஒரு வேலையைச் செய்து முடிப்பது) தனித்தனிச் சொல் வைப்பதா, சி மொழி மாதிரி ஒன்றே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வித்தியாசத்தைக் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) சோதிக்கும் என்றால் மட்டும் இரண்டு வையுங்கள்.

பாஸ்கல் மொழியில் 1970இலிருந்தே இரண்டும் தனி. ஆனால் அங்கே ஃபங்ஷனும் குளோபல் மாறியை, அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவான மதிப்பை, மாற்றலாம். இதைப் பாருங்கள்:

இருப்பு() + எடு(500)

இருப்பு, கணக்கில் உள்ள தொகையைத் தருகிறது. எடு, கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து, எடுத்த தொகையைத் திருப்பித் தருகிறது. கணக்கில் 2000 இருக்கிறது. இடப்பக்கம் முதலில் ஓடினால் விடை 2500. வலப்பக்கம் முதலில் ஓடினால் 1500ம் 500ம் சேர்ந்து 2000. சியில் எந்தப் பக்கம் முதலில் என்ற வரையறையே கிடையாது. இப்படி ஒரு பிழையைத் தேடி எனக்கு இரண்டு நாள் போயிருக்கிறது.

ஏடா மொழியின் 1983 பதிப்பில் ஃபங்ஷன் தன் அளவுருக்களை (அழைக்கும்போது அதனிடம் கொடுப்பவற்றை) மாற்ற முடியாது. 2012 பதிப்பில் அதைத் தளர்த்திவிட்டார்கள். எனக்குப் பிடித்தது நிம் மொழியின் வழி. 'ஃபங்க்' என்று அறிவித்ததில் பக்கவிளைவு (மேலே எடு செய்தது போல வெளியே உள்ளதை மாற்றுவது) இருந்தால் கம்பைலரே ஏற்காது. மற்றதெல்லாம் 'ப்ராக்'.

அந்தச் சோதனையை எழுத இப்போது நேரமில்லையா? சரி, ஒரே சொல்லோடு தொடங்குங்கள். இரண்டாவது சொல்லை மட்டும் யாரும் மாறிப் பெயராக வைக்க முடியாதபடி இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் சேர்க்கும்போது பழைய நிரல்கள் உடையாது.