முகூர்த்தப் புடவை ப்ளவுஸுக்கு எந்தக் கழுத்து வைத்தால் எடுப்பாக இருக்கும்?

ஆவணியில் கல்யாணம், அரக்கு நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு எடுத்தாகிவிட்டது, வட்ட முகம், கழுத்து கொஞ்சம் குட்டை, தோள் அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் நாற்பது படம் சேர்த்து வைத்திருப்பதாகவும், எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, எதை வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பதினாறு வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். கல்யாணப் பெண்கள் நாற்பது படத்தோடு வருவது எனக்குப் புதிதில்லை. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணின் கழுத்தில் மாலை இருக்கிறதா? இருக்காது. முந்தானை தோளில் மடித்துக் குத்தியிருக்கிறதா? பெரும்பாலும் கழுத்து தெரிவதற்காகவே முந்தானையை ஒதுக்கிப் பிடித்து எடுத்த படமாக இருக்கும். நீங்கள் மணவறையில் உட்காரப்போவது அப்படி இல்லை.

முந்தானையை மடிப்பெடுத்து இடது தோளில் குத்தினால் அது நெஞ்சுக்குக் குறுக்கே வந்து முன்கழுத்தின் இடது பாதியை மூடிவிடும். வெளியே தெரிவது வலது பாதி மட்டும். இதனால்தான் ஸ்வீட்ஹார்ட் கழுத்தை முகூர்த்தப் புடவைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இதய வடிவம் என்பது இரண்டு வளைவும் சேர்ந்து தெரிந்தால்தான் இதயம். ஒரு வளைவு மட்டும் எட்டிப் பார்த்தால், டைலர் வெட்டும்போது கை நழுவிவிட்டதோ என்று தோன்றும். ரிசப்ஷனுக்கு லெஹங்கா போடுகிறீர்கள், துப்பட்டாவை ஓரமாக விடுகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள். ரவுண்டு, யு, வி, சதுரம் ஆகிய நான்கும் பாதி தெரிந்தாலும் கோணலாகத் தெரியாது.

அப்புறம் நகை. 2018-இல் இங்கிலாந்து இளவரசர் ஹாரியைக் கட்டிக்கொண்ட மேகன் மார்க்கல் கல்யாணத்துக்குப் போட்ட போட் நெக் கவுன் நினைவிருக்கிறதா? தோளிலிருந்து தோளுக்கு ஒரே கோடு. அன்று அவர் கழுத்தில் நெக்லஸே கிடையாது. அந்தக் கழுத்தின் அழகே அந்த வெறுமையில்தான் இருந்தது. நம் வீட்டில் அட்டிகை, அதன் கீழே மாங்காய் மாலை, அதன் கீழே ஆரம், எல்லாவற்றுக்கும் மேலே பாட்டி கொடுத்த காசு மாலை. போட் நெக் வைத்தால் அட்டிகை தோலில் படாமல் துணி மேல் உட்காரும். பட்டு மேல் தங்கம், ஜரிகை மேல் கல் என்று ஒன்றோடொன்று மோதி எதுவும் தனியாகத் தெரியாது. அகலமான தோளை அது இன்னும் அகலமாகவும் காட்டும். உங்களுக்கு வேண்டாம்.

முகத்தின் வடிவத்துக்கு ஏற்ற கழுத்து என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. வட்ட முகத்துக்கு வி, நீள முகத்துக்கு ரவுண்டு என்று. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் முகத்தைப் பார்ப்பதைவிட காதுமடலுக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, தோள் சரிவாக இறங்குகிறதா நேராக நிற்கிறதா, காறை எலும்பு தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். கழுத்து குட்டை என்றால் அதன் கீழே கொஞ்சம் வெற்றுத் தோல் தெரிய வேண்டும். அப்போதுதான் பார்க்கிற கண் கீழே இறங்கும். அதற்கு இறக்கம்தான் வேண்டுமே தவிர அகலம் இல்லை. பல பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "கழுத்தைக் கொஞ்சம் பெருசா வைங்க அக்கா" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். டைலர் எல்லாப் பக்கமும் வெட்டிவிடுவார்.

அகலத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம், நானே ஒரு பெண்ணைப் படுத்தியது. கடை ஆரம்பித்த புதிதில், முதுகு முழுக்கத் திறந்து மேலே ஒரே ஒரு கயிறு மட்டும் கட்டுகிற மாதிரி ஒரு ப்ளவுஸ் கேட்டாள். முன்பக்கமும் அகலம். படத்தில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தேன். ட்ரையலில் நின்று பார்த்தாள், பிரமாதமாக இருந்தது. மணவறையில் மாலை விழுந்தது. நல்ல கெட்டியாகக் கட்டின ரோஜா மாலை. தோள் பட்டை வெளிப்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் ஜரிகை முந்தானையின் கனத்தை அந்த ஒல்லிப் பட்டையில் குத்தின ஊக்கு தாங்க வேண்டியிருந்தது. ஆல்பம் வந்ததும் கொண்டுவந்து காட்டினாள். பாதிப் படங்களில் அவள் கை தோள் மேல் இருக்கிறது, பட்டையைத் தூக்கிவிட்டபடி. திட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து முன்பக்கம் அகலம் என்றால் பின்பக்கத்தை மேலே குறுக்கிவிடுவேன். பின்பக்கம் திறந்து வேண்டும் என்றால் முன்கழுத்து அகலத்தைக் குறைப்பேன். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு கடையைக் காட்டிவிடுவேன். முந்தானை குத்துகிற இடத்தில் பட்டை 2 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. உள்ளாடைப் பட்டை வெளியே வராமல் இருக்க, தோளுக்கு உட்பக்கம் ஒரு சின்ன நாடாவும் டிச் பட்டனும் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

பின்கழுத்துக்குப் பானைக் கழுத்து எனக்குப் பிடித்தது. மேலே பிடரிப் பக்கம் குறுகி, கீழே குடம் மாதிரி அகலும். மேலே குறுகலாக இருப்பதால் தோள் நழுவாது, கீழே திறந்திருப்பதால் முதுகும் அடைத்த மாதிரி இருக்காது. பழைய டிசைன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பட்டுப்புடவையே பழைய டிசைன்தானே!

பின்பக்கம் காலர் மாதிரி ஏறி நிற்கிற ஹை நெக்கை முகூர்த்தத்துக்கு வைக்காதீர்கள். தாலி கட்டும்போது முடிச்சு விழுவது பிடரியில். மஞ்சள் தடவின ஈரக் கயிறு காலர் மேல் உட்காரும், மஞ்சள் பட்டில் பிடிக்கும், பிடித்தால் லேசில் போகாது. நாத்தனார் ஜடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முடிச்சைப் போடுகிற நேரத்தில் காலரை வேறு மடக்கிவிட வேண்டும். வீடியோகாரர் அந்தக் காட்சியைத்தான் கிட்டத்தில் எடுப்பார்.

ஜடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பின்கழுத்தில் மயில், யானை, மணமக்கள் உருவம் என்று ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடுகிற எம்பிராய்டரி) போட ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ராக்கொடி வைத்து, பூ ஜடை பின்னி, குஞ்சலம் தொங்கவிட்டால் முதுகின் நடுப்பகுதி மொத்தமும் அதற்கு அடியில் போய்விடுகிறது. மயிலின் தோகை இரண்டு பக்கமும் தெரியும், மயில் தெரியாது. அந்த வேலையை ரிசப்ஷன் ப்ளவுஸில் போடுங்கள், அன்று கொண்டைதான் போடுவீர்கள். முகூர்த்தத்துக்கு கையில் போடுங்கள். மாலை, நகை, முந்தானை எதுவும் மறைக்காத ஒரே இடம் கைதான்.

ஆரி போடுவதாக இருந்தால் கழுத்தை முன்பே முடிவு செய்தாக வேண்டும். துணியை வெட்டுவதற்கு முன்னால் கழுத்துக் கோட்டை வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டை ஒட்டித்தான் மணியும் ஜர்தோசி என்கிற ஜரிகைச் சுருளும் தைப்பார்கள். வேலை முடிந்த பிறகு "அரை இன்ச் இறக்கலாமா" என்று கேட்டால் மணியை வெட்டித்தான் இறக்க வேண்டும். எனவே ஆரிக்குக் கொடுப்பதற்கு முன், மலிவான காட்டன் துணியில் அதே அளவில் ஒரு ப்ளவுஸ் தைத்துப் போட்டுப் பாருங்கள். லைனிங் துணியே போதும். கழுத்து பிடிக்கவில்லை என்றால் அதில் சாக்பீஸால் கோடு போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கோடு போடுகிற நேரத்தில்தான் என் கடையில் சண்டை நடக்கும். அம்மா "அரை இன்ச் மேலே ஏத்துங்க, பெரியவங்கெல்லாம் வர்றாங்க" என்பார். பெண் "அரை இன்ச் கீழே இறக்குங்க அக்கா" என்பாள். நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, முதலில் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போடுவேன். இருவரும் திருப்தியாகப் போவார்கள்.

வி கழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கழுத்துக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் வி-யின் இரண்டு பக்கமும் துணியின் குறுக்கு வாட்டத்தில் வருவதால் போடப் போட இழுத்துக்கொண்டு தொளதொளவென்று ஆகும். ஓரத்தில் கேன்வாஸோ ஒட்டுத் துணியோ வைத்து, இழுக்காத நாடா ஒன்றையும் சேர்த்துத் தைக்கிற டைலராக இருந்தால் வையுங்கள். அவர் முன்பு தைத்த வி கழுத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், முனை சுருங்காமல் கூர்மையாக இருக்கிறதா என்று. இல்லையென்றால் யு போதும், கிட்டத்தட்ட அதே பலன். புடவை பார்டரைக் கழுத்தைச் சுற்றி வைக்க ஆசை என்றால் சதுரக் கழுத்துதான் வழி. ஜரிகை பார்டர் வட்டத்துக்கு வளையாது, சுருக்கம் விழும். சதுரத்தில் மூலைக்கு மூலை மடித்துத் தைத்துவிடலாம். ஆனால் அகலத் தோளுக்குச் சதுரத்தைக் கொஞ்சம் ஒடுக்கமாக வைக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு நான் தைத்தால் இப்படி வைப்பேன்: முன்பக்கம் ஒடுக்கமான யு, தோளிலிருந்து 6½ இன்ச் இறக்கம். உயரமான ஆளாக இருந்தால் 7. பின்பக்கம் பானைக் கழுத்து, 8½ இன்ச்சுக்கு மேல் இறக்கம் வேண்டாம், அந்தக் கழுத்தின் மேல்பக்கம் ஒரு கயிறு, அழகுக்கு இல்லை, பிடிப்புக்கு. கழுத்து ஓரத்தில் மணி வேண்டாம், மாலை நாரில் சிக்கும். மெல்லிய பைப்பிங் போதும். கழுத்தை ஒட்டின சோக்கரைத் தவிர்த்துவிட்டு அட்டிகையைக் கொஞ்சம் தளர்த்திப் போடுங்கள், கழுத்து நீளமாகத் தெரியும்.

ட்ரையலுக்குப் போகும்போது நகையையும், அன்று போடப்போகும் உள்ளாடையையும் எடுத்துப் போங்கள். ப்ளவுஸ் போட்டு, மேலே ஒரு புடவையைச் சுற்றி, கண்ணாடி முன் நிற்பதோடு விட்டுவிடாதீர்கள். தரையில் உட்காருங்கள், ஹோமத்தில் நெய் விடுவது போல முன்னால் குனியுங்கள், காலில் விழுந்து எழுந்திருங்கள். முன்கழுத்து விலகி நிற்கிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று நூறு பேர் காலிலாவது விழ வேண்டியிருக்கும். விலகினால் தோளில் கால் இன்ச் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசி ட்ரையலை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண அலைச்சலில் பெண்கள் இளைத்துவிடுகிறார்கள், சிலர் விருந்து சாப்பிட்டுப் பெருத்தும்விடுகிறார்கள். பக்கவாட்டில் 1½ இன்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள்.

ஆடி பிறந்துவிட்டால் எல்லா டைலரும் ஆவணிக் கல்யாண வேலையில் மூழ்கிவிடுவோம். இந்த வாரமே துணியைக் கொடுத்துவிடுங்கள்.